நண்டுச் சதையும் சுங்க எண்ணும்: ஏற்றுமதியை வைத்து ஒரு நாட்டின் தொழிலறிவை அளப்பது எப்படி?

பாம்பன், மண்டபம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையில் வலையில் ஏறும் நீலக்கால் நண்டு வெளிநாடு போக இரண்டு வழி இருக்கிறது. கழுவி, உறையவைத்து, ஓட்டோடு முழு நண்டாக அனுப்பலாம். இல்லையென்றால் அவித்து, ஓட்டை உடைத்து, சதையைப் பிரித்து, டப்பாவில் அடைத்து மூடி, மறுபடி சூடாக்கிக் குளிரவைத்து அனுப்பலாம். கடலும் அதே, நண்டும் அதே, பிடித்தவரும் அவரே. ஆனால் சுங்கத்துறை ஏட்டில் முதலாவது 0306 என்ற எண்ணில் பதிவாகும், இரண்டாவது 1605-ல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே, பொருளாதார வல்லுநர்கள் ‘பொருளாதாரச் சிக்கல்தன்மை’ என்று சொல்வது பாதி புரிந்துவிடும்.

நண்டுச் சதை எடுக்கும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நீந்து காலின் அடியில் இருக்கும் பெரிய சதைக்கட்டி உடையாமல் முழுசாக வர வேண்டும், அதற்குத்தான் அதிக விலை. உடைந்தால் அதே சதை கீழ் ரகத்துக்கு இறங்கிவிடும். உடம்புச் சதை வேறு ரகம், கொடுக்குச் சதை வேறு ரகம். பிரித்த சதைக்குள் நகக்கண் அளவு ஓட்டுத் துணுக்கு இருந்தாலும் வாங்குகிறவர் புகார் செய்வார். அதனால் புற ஊதா விளக்கின் கீழே பரப்பி மறுபடி தேடுகிறார்கள். டப்பாவை மூடும் இயந்திரம் சரியாக அழுத்த வேண்டும், சூடு உள்ளே நடுச் சதை வரை ஏற வேண்டும், உடனே குளிர வேண்டும், அந்தக் குளிர் அமெரிக்கக் கடை அலமாரி வரை விட்டுப்போகக் கூடாது. ஒவ்வொரு படியிலும் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்க வேண்டும். கிருமிச் சோதனை செய்ய ஒருவர், குளிரூட்டும் இயந்திரத்தைப் பழுது பார்க்க ஒருவர், ஏற்றுமதிக் காகிதங்களைத் தயார் செய்ய ஒருவர் என்று ஆட்கள் வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே ஆள் தெரிந்து வைத்திருக்க முடியாது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பரவிக் கிடக்கும் கைப்பக்குவம் ஒரு டப்பாவில் ஒன்று சேர்கிறது.

ஒரு நாட்டில் இப்படி எத்தனை விதமான தொழிலறிவு இருக்கிறது, அவை எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வேலை செய்கின்றன என்பதுதான் சிக்கல்தன்மை. அதை நேராக அளக்க வழியில்லை. படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணலாம், பட்டங்களை எண்ணலாம். சதைக்கட்டியை உடையாமல் எடுக்கும் விரலை எந்தக் கணக்கெடுப்பிலும் எண்ண முடியாது. சரி, அறிவை எண்ண முடியாவிட்டால் அந்த அறிவு செய்து முடித்த பொருளை எண்ணலாமே என்று யோசித்தவர்கள் சீசர் ஹிடால்கோவும் ரிக்கார்டோ ஹவுஸ்மனும். 2009-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இவர்களுடைய கட்டுரை வந்தது. அடுத்து 2011-ல் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சேர்ந்து உலக நாடுகளுக்கான சிக்கல்தன்மை வரைபட நூலை வெளியிட்டார்கள். இன்று அது யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கக்கூடிய தரவுத்தளமாக இருக்கிறது.

உள்நாட்டில் விற்பதை விட்டுவிட்டு ஏற்றுமதியை ஏன் எண்ண வேண்டும்? இரண்டு காரணங்கள். வெளிநாட்டில் ஒரு பொருள் விற்கிறது என்றால் அது பல நாட்டுச் சரக்கோடு போட்டி போட்டு நின்றிருக்கிறது என்று பொருள். அதைவிட முக்கியமான காரணம், கணக்கு ஒரே மாதிரி கிடைக்கிறது. உலக சுங்க அமைப்பு வகுத்த பொருள் எண்கள் 1988 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஆறு இலக்கத்தில் 5,000-க்கும் அதிகமான பொருள்களுக்குத் தனித்தனி எண் உண்டு. தூத்துக்குடியில் ஏறினாலும் துபாயில் இறங்கினாலும் உறைந்த இறாலுக்கு அந்த ஆறு இலக்கமும் மாறாது.

இனி கணக்குக்கு வருவோம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு நாடு ஒரு பொருளை உண்மையிலேயே ‘விற்கிறது’ என்று எப்போது சொல்லலாம்? ஏதோ ஒரு பெட்டி அனுப்பியதை எல்லாம் சேர்த்தால் கணக்கு கெட்டுப்போகும். பேலா பலாசா என்ற பொருளியலாளர் 1965-ல் சொன்ன அளவுகோலை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். உலக வணிகம் முழுவதிலும் ஒரு பொருளின் பங்கு 1 சதவீதம், ஒரு நாட்டின் ஏற்றுமதியில் அதன் பங்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றை ஒன்றால் வகுத்தால் 3. விடை 1 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தப் பொருள் அந்த நாட்டின் கணக்கில் சேரும், குறைந்தால் சேராது.

இப்போது நான்கு கற்பனை நாடுகள். ‘அ’ நாடு கருவாடு, உறைந்த இறால், நண்டு டப்பா, கடற்பாசிக் கூழ்ப்பொடி என நான்கு விற்கிறது. ‘ஆ’ நாடு கருவாடு, இறால், நண்டு டப்பா என மூன்று. ‘இ’ நாடு கருவாடும் இறாலும். ‘ஈ’ நாடு கருவாடும் முத்தும்.

எத்தனை பொருள் விற்கிறார்கள் என்பது முதல் கேள்வி. 4, 3, 2, 2. இதில் ‘இ’, ‘ஈ’ இரண்டும் சமம். அப்புறம், அந்தப் பொருளை இன்னும் எத்தனை பேர் விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கருவாட்டை நான்கு நாடும் விற்கின்றன, இறாலை மூன்று, நண்டு டப்பாவை இரண்டு, கூழ்ப்பொடியை ஒன்று, முத்தை ஒன்று. எல்லோராலும் முடிவது எளிய பொருள், சிலரால் மட்டும் முடிவது கடினமான பொருள் என்று வைத்துக்கொண்டால், ‘இ’ நாட்டுப் பொருள்களின் சராசரி மூன்றரை, ‘ஈ’ நாட்டுடையது இரண்டரை. எண் குறைந்தால் அருமை கூடும். ஆக, முத்து விற்கும் ‘ஈ’ முந்துகிறது.

இங்கேதான் ஏமாறக் கூடாது. முத்து அரிதாக இருப்பது சிப்பியும் கடலடிப் பாரும் எல்லாக் கடலிலும் வாய்க்காததால். முத்துக்குளிப்பவரின் மூச்சும் தைரியமும் பெரியதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பொருளின் அருமை இயற்கை கொடுத்தது. கூழ்ப்பொடி அரிதாக இருப்பது அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

இன்னொரு சுற்று கணக்கு போட்டால் பிரிந்துவிடும். அந்த அரிய பொருளை விற்கும் நாடு வேறு என்னவெல்லாம் விற்கிறது என்று பார்க்க வேண்டும். கூழ்ப்பொடி விற்பது ‘அ’, அதற்கு நான்கு பொருள் தெரியும். ஆகவே கூழ்ப்பொடிக்கு மதிப்பு 4. முத்து விற்பது ‘ஈ’, அதற்குத் தெரிந்தது இரண்டு. முத்துக்கு மதிப்பு 2. இப்படியே நண்டு டப்பாவுக்கு 3.5, இறாலுக்கு 3, கருவாட்டுக்கு 2.75. இந்த மதிப்புகளின் சராசரியை நாட்டுவாரியாக எடுத்தால் ‘அ’ 3.31, ‘ஆ’ 3.08, ‘இ’ 2.88, ‘ஈ’ 2.38. முதல் சுற்றில் முந்திய ‘ஈ’ கடைசிக்குப் போய்விட்டது. இதையே திரும்பத் திரும்பச் செய்து, ஆயிரக்கணக்கான பொருள்களுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கும் கணினியில் ஓட்டினால் வருவதுதான் பொருளாதாரச் சிக்கல்தன்மைக் குறியீடு. உண்மைக் கணக்கில் கொஞ்சம் மேல்நிலைக் கணிதம் வரும். ஆனால் அடிப்படை இந்த நான்கு நாட்டுக் கதையேதான்.

உலகப் பட்டியலில் ஜப்பான் பல பத்தாண்டுகளாக முன்னணியில் இருக்கிறது. ஆஸ்திரேலியா பணக்கார நாடு, ஆனால் இந்தப் பட்டியலில் பல ஏழை நாடுகளுக்கும் பின்னால் நிற்கிறது. இரும்புத்தாது, நிலக்கரி, எரிவாயு என்று தோண்டி அனுப்புவதில் அதன் வருமானம் பெரிது. ‘ஈ’ நாட்டு முத்துக்கதைதான், அளவு மட்டும் பெரியது. இந்தியாவின் நிலை தலைகீழ். தலா வருமானத்தில் நாம் பின்தங்கியிருக்கிறோம், ஆனால் மருந்து, வாகன உதிரிப்பாகம், இயந்திரம், ரசாயனம் என்று பலதையும் செய்வதால் குறியீட்டில் நாற்பதை ஒட்டிய இடங்களில் இருக்கிறோம். வருமானத்துக்கு மேலான தொழிலறிவு உள்ள நாடுகள் வரும் ஆண்டுகளில் வேகமாக வளர வாய்ப்பு அதிகம் என்பது இந்த ஆய்வாளர்களின் வாதம். அறிவு முதலில் வரும், காசு பின்னால் வரும் என்கிறார்கள். இந்தப் பட்டியலை நாம் கவனிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது ஒன்றே போதும்.

நாடு நாற்பதில் இருந்தால் நாட்டின் எல்லாக் கரையும் நாற்பதில் இருக்காது. 2018-ல் நிதி ஆயோக் பின்தங்கியவை என்று தேர்ந்தெடுத்த ‘முன்னேற விழையும் மாவட்டங்களில்’ தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இருந்தன, விருதுநகரும் ராமநாதபுரமும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சாலையோரம் குவிந்திருக்கும் தொழில்வகைகளை நம் கரை நெடுகத் தேடினாலும் காண முடியாது. நம்மிடம் இருப்பதைக் கடற்பாசியை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே பொருளில் அத்தனை படிகளும் தெரிகின்றன.

சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ரகம் பிரிப்பார்கள். எந்தப் பாறையில் எந்தப் பருவத்தில் எது முளைக்கும், மறுபடி துளிர்க்க எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். இது முதல் படி.

இரண்டாவது, வளர்ப்பு. கப்பாஃபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசியை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டபம் பக்கம் பரவியது. 45 நாளில் அறுக்கலாம். நடுவில் கடல் சூடேறிப் பயிர் பெருமளவு மடிந்ததும் உண்டு. அப்போதுதான் நல்ல விதைப்பாசியின் அருமை எல்லோருக்கும் உறைத்தது. இந்தப் பாசி மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளத்தின்மேல் படர்வதைப் பற்றிய கவலையும் நியாயமானது, எங்கே வளர்ப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும்.

அறுத்த பாசியைக் காயப்போட்டால் ஏறக்குறைய பத்து கிலோ ஒரு கிலோவாகும். காய்ந்த பாசிக்குச் சுங்க எண் 1212. அதைக் காரக் கரைசலில் வேகவைத்து, கழுவி, அரைத்தால் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள். எண் 1302-க்குப் போய்விடும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரும் அதே 1302. அந்தப் பொடி சேர்த்த ஐஸ்கிரீம் 2105, பற்பசை 3306. கடலில் மிதந்த ஒரு பாசி 1212-லிருந்து 1302-க்கு மாறும்போதே, அதைச் செய்யத் தேவையான தொழிலறிவும் கிலோவுக்குக் கிடைக்கும் காசும் ஏறிவிடும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் இருக்கின்றன. பச்சைப் பாசியைப் பிழிந்து அந்தச் சாற்றைப் பயிருக்கு ஊக்கியாகவும், சக்கையைக் கராஜீனனுக்கும் பயன்படுத்தும் முறை இந்த இரண்டாவது நிறுவனத்தில் உருவானது. பக்கத்து மாவட்டத்தில் மானாமதுரையில் இதற்கு ஆலை வந்தது. தொண்டி அருகே வளமாவூரில் 127.7 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பூங்கா விதையும் காயவைக்கும் களமும் மட்டும் தந்தால் நாம் 1212-லேயே நிற்போம். பொடி எடுக்கும் ஆலையும் தரச் சோதனைக்கூடமும் அதில் வேலை செய்யக் கற்றுத்தரும் இடமும் சேர வேண்டும் என்று இந்தக் கரையைச் சேர்ந்தவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

இறாலிலும் இதே கதைதான். 2023-24-ல் இந்தியக் கடல் உணவு ஏற்றுமதி 17.8 லட்சம் டன், மதிப்பு 60,523 கோடி ரூபாய், டாலரில் 7.38 பில்லியன். அதில் உறைந்த இறால் மட்டும் 4.88 பில்லியன் டாலர். மூன்றில் இரண்டு பங்கு ஒரே பொருள், அதை அதிகம் வாங்குவது ஒரே நாடு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் 50 சதவீதம் வரை வரி போட்டபோது அதன் வலி ஏலக்கூடம் வரை வந்ததற்குக் காரணம் இந்தக் குவிப்புதான். பல பொருள் தெரிந்த நாடு ஒரு கதவு மூடினால் வேறு கதவைத் தட்டலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் கப்பலில் ஏறும் சரக்கு. கப்பலில் ஏறாத ஏற்றுமதியும் இருக்கிறது, அதுதான் சேவை. 2023-24-ல் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி 437 பில்லியன் டாலர், சேவை ஏற்றுமதி 341 பில்லியன். அடுத்த ஆண்டு சரக்கு அங்கேயே நின்றது, சேவை 387-ஐத் தொட்டது. பரமக்குடியில் படித்துச் சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து அமெரிக்க வங்கிக்கு மென்பொருள் எழுதும் பெண்ணின் உழைப்பு இந்தக் கணக்கில் வரும். ராமேஸ்வரம் வரும் வெளிநாட்டுப் பயணி விடுதிக்கும் ஆட்டோவுக்கும் கொடுக்கும் காசும் சேவை ஏற்றுமதியே, வாங்குகிறவர் இங்கே வந்து வாங்கிக்கொள்கிறார் அவ்வளவுதான். காசியிலிருந்து வரும் பக்தர் கொடுப்பது உள்நாட்டு வணிகம், அது இதில் சேராது.

நம் மாவட்டத்தில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்றை இங்கே தீர்த்துவிடலாம். கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போன மச்சானும் மாமாவும் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஏற்றுமதி வருமானமா? இல்லை. ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கி வேலை பார்ப்பவர் பொருளாதாரக் கணக்கில் அந்த நாட்டில் வசிப்பவர். அவர் வீட்டுக்கு அனுப்புவது தனிநபர் பரிமாற்றம் என்ற தலைப்பில் எழுதப்படும். 2024-ல் இந்தியாவுக்கு இப்படி வந்தது ஏறக்குறைய 129 பில்லியன் டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. பெரிய தொகைதான், நம் தெருக்களில் எத்தனையோ வீடுகள் அதில் எழுந்தவை. ஆனால் அவர் அங்கே குழாய் பற்றவைப்பதும் கிரேன் ஓட்டுவதும் அந்த நாட்டின் உற்பத்தியில் சேர்கின்றன. அந்த அறிவோடு ஊர் திரும்பி இங்கே ஒரு பட்டறை போட்டால்தான் அது நம் கணக்குக்கு வரும்.

சேவைகளைக் குறியீட்டில் சேர்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சரக்குக்கு 5,000 எண்கள் இருக்க, சேவைக்குப் போக்குவரத்து, பயணம், காப்பீடும் நிதியும், கணினியும் தகவல்தொடர்பும் என்று சில பெருந்தலைப்புகள்தான். பழைய செயலியைப் பராமரிப்பதும் புதிய சிப்பை வடிவமைப்பதும் கிட்டத்தட்ட ஒரே கூடையில் விழக்கூடும். அதனால் சேவையில் வலுவான இந்தியாவின் உண்மைத் திறன் சரக்கு மட்டும் வைத்துப் போட்ட குறியீட்டில் முழுசாகத் தெரியாது.

இன்னொரு குறையும் இருக்கிறது. 2024-25-ல் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலர், நாட்டிலேயே முதலிடம். பெருமைதான். ஆனால் இங்கே பூட்டிய கைப்பேசிக்குள் இருக்கும் சிப்பும் பல பாகங்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஏற்றுமதி ஏட்டில் முழுக் கைப்பேசியும் நம் பெயரில் எழுதப்படும். பூட்டத் தெரிந்ததும் ஓர் அறிவுதான், அதிலிருந்து அடுத்த பாகத்தைச் செய்யக் கற்பதும் நடக்கிறது. இருந்தாலும் எண்ணை அப்படியே திறமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு ஊர் அடுத்து என்ன செய்ய முடியும் என்பதற்கும் இந்த ஆய்வில் ஒரு பதில் உண்டு. கைவசம் இருக்கும் அறிவுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளுக்குத் தாவுவது எளிது, தொலைவில் இருப்பதற்குத் தாவுவது கடினம். 2007-ல் வந்த ஓர் ஆய்வில் எந்தப் பொருள் எதற்குப் பக்கம் என்று வலை மாதிரி வரைந்தே காட்டினார்கள். இறாலை உறையவைக்கத் தெரிந்த இடத்துக்கு, மாவு தோய்த்து வறுக்கத் தயாரான இறால் பக்கம்தான். குளிர்ச்சங்கிலியும் சோதனைக்கூடமும் ஏற்கெனவே இருக்கின்றன. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கடுந்தண்ணீரிலிருந்து மக்னீசியமும் புரோமினும் எடுப்பது அதற்கு அடுத்த படி. கடல் விரால் மீனை அடைத்து வளர்த்து முட்டையிடவைத்து 2010-ல் குஞ்சு எடுத்தது மண்டபத்தில்தான், இந்தியாவிலேயே முதல் முறையாக. கூண்டில் மீன் வளர்ப்பதற்கான வேர் இங்கேயே இருக்கிறது. நாளைக்கே இங்கே கார் தொழிற்சாலை வரும் என்று மேடையில் சொல்வதைவிட இவை நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இதையெல்லாம் நம் மாவட்டத்துக்கென்று தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கரையில் பதப்படுத்திய சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏறினால் அங்கே பதிவாகும், கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருந்தால் அந்த ஊர் முகவரியில் எழுதப்படும். மாவட்டக் கல்லூரிகளில் வணிகவியலும் பொருளியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இது அருமையான ஆய்வு வேலை. ஒவ்வொரு பதப்படுத்தும் ஆலைக்கும் போய், இங்கே எந்தப் படி வரை செய்கிறார்கள், இயந்திரம் கெட்டால் எந்த ஊர் ஆள் வருகிறார், கிருமிச் சோதனைக்கு மாதிரியை எங்கே அனுப்புகிறார்கள், டப்பா எங்கே வாங்குகிறார்கள் என்ற நான்கு கேள்வியைக் கேட்டு எழுதினால் போதும். ‘வெளியூர்’ என்று பதில் வரும் ஒவ்வொரு வரியும் இங்கே ஆரம்பிக்கக்கூடிய ஒரு தொழில்.